டாலஸ் ரேஞ்ச் வீட்டுக்கு எந்த ஏசி, எந்த ஹீட்டர்?

மூன்று கோடைக்கு முன்னால் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ஜூலை மாதம். ஹாலில் அம்மா சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டின் மறுகோடி அறையில் அப்பா பனியனோடு மேஜை விசிறிக்கு முன்னால் இருப்பார். இரண்டுக்கும் நடுவே, நடைபாதைச் சுவரில் தெர்மோஸ்டாட் 75 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கும். அப்பா அறையில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி வைத்தேன். மாலை ஐந்து மணிக்கு அதில் 83. ஒரே வீடு, ஒரே ஏசி, எட்டு டிகிரி வித்தியாசம். "ஊர்ல நம்ம மாடி ரூம் மாதிரியே இருக்கேப்பா" என்றார் அப்பா. அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குப் புரிய இன்னும் சில மாதம் ஆனது.

எங்கள் வீடு அமெரிக்காவின் டெக்சஸில், டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில், 1974-இல் கட்டியது. 2,800 சதுர அடி, எல் வடிவம், படிக்கட்டே கிடையாது. ரேஞ்ச் வீடு என்று இங்கே சொல்வார்கள். வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோருக்கு மூட்டுவலி என்றால் நம்மில் பலர் தேடுவது இந்த மாதிரி வீட்டைத்தான். நாங்களும் அதற்காகவே வாங்கினோம். பழைய ஏசியும், கேஸ் எரித்துக் காற்றைச் சூடாக்கும் ஃபர்னஸும் ஆயுள் முடியும் நிலைக்கு வந்தபோது, அதே மாதிரி இன்னொன்றை வாங்கி வைப்பதா, வேறு வழி பார்ப்பதா என்று ஒரு வருடத்துக்கும் மேல் அலைந்தோம். அப்போது பார்த்தது, கேட்டது, கணக்குப் போட்டது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். கீழே வரும் டிகிரிகள் எல்லாம் ஃபாரன்ஹீட்.

சென்னையில் அபார்ட்மென்ட் வாங்குகிறவர்கள் கடைசி மாடி வேண்டாம் என்பார்கள். மொட்டை மாடி பகலெல்லாம் காய்ந்து, ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். ரேஞ்ச் வீட்டில் எல்லா அறையும் கடைசி மாடிதான். கணக்காகவே பார்க்கலாம். 40 அடிக்கு 70 அடி என்று ஒரே தளத்தில் 2,800 சதுர அடி கட்டினால் கூரைக்குக் கீழே இருப்பதும் 2,800 சதுர அடி. வெளிச்சுவர் சுற்றளவு 220 அடி. எட்டடி உயரத்துக்கு 1,760 சதுர அடி சுவர். இதே அளவை 35-க்கு 40 என்று இரண்டு தளமாகக் கட்டினால் சுவர் 2,400 சதுர அடி ஆகிவிடும், ஆனால் கூரை 1,400 மட்டும். ஆக, ரேஞ்ச் வீட்டில் சுவர் குறைவு, கூரை இரட்டிப்பு. வெயிலும் குளிரும் சண்டை போடும் இடம் சுவர் இல்லை, தலைக்கு மேலே.

இந்த வீட்டு வடிவம் பிறந்த ஊர் வேறு. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 1930-களின் தொடக்கத்தில் கிளிஃப் மே என்ற வடிவமைப்பாளர் இப்படிப்பட்ட தாழ்வான, நீளமான வீடுகளைக் கட்ட ஆரம்பித்தார். கடற்காற்று வீசும் ஊர். முற்றத்தைப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்தாலே போதும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே வடிவம் டெக்சஸுக்கும் ஒஹாயோவுக்கும் புறநகர்ப் புறநகராகப் பரவியது. கடற்காற்று கூடவே வரவில்லை. அதன் வேலையை இயந்திரம் செய்ய வேண்டியதாயிற்று. டாலஸில் 2011-ஆம் ஆண்டு 71 நாள் 100 டிகிரியைத் தொட்டது. 2021 பிப்ரவரியில் அதே ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி போனது. இந்த இரண்டையும் ஒரே வீடு தாங்க வேண்டும்.

முதலில் அட்டிக்கில் ஏறிப் பாருங்கள்

எந்த யூனிட் வாங்கலாம் என்ற கேள்வியோடு ஆரம்பித்ததுதான் நாங்கள் செய்த முதல் தவறு. வந்த காண்ட்ராக்டர்களும் வெளியே நிற்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு விலை சொன்னார்கள். கூரைக்கும் அறைகளின் உட்கூரைக்கும் நடுவே இருக்கும் அட்டிக்கில் ஏறியது ஒரே ஒருவர். அவர் கூடவே நானும் ஏறினேன்.

காலை ஒன்பது மணிக்கே மேலே மூச்சு முட்டியது. டெக்சஸ் கோடையில் மதியம் அட்டிக் 130 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டின் நடுவேதான் ஏசி காற்றைக் கொண்டுபோகும் டக்ட் குழாய்கள் கிடக்கின்றன. வடக்கு மாநிலங்களில் பேஸ்மென்ட் இருக்கும், குழாய்கள் அதில் ஓடும். இங்கே தரையடியில் வெறும் கான்கிரீட் ஸ்லாப் என்பதால் எல்லாம் மேலேதான். எங்கள் வீட்டில் ஃபர்னஸும், காற்றைக் குளிரவைக்கும் காயிலும் எல் வடிவத்தின் ஒரு முனையில். அப்பா அறை மறுமுனையில், குழாய் வழியாக அறுபது அடி. காயிலிலிருந்து 55 டிகிரியில் கிளம்பும் காற்று அந்த அறுபது அடியையும் அடுப்புக்குள் கடக்கிற மாதிரி கடக்கிறது. ஹாலில் குழாய்க் காற்று வெளியே வரும் வென்ட்டில் தெர்மாமீட்டரை நுழைத்தேன்: 57. அப்பா அறை வென்ட்டில்: 66. காற்றின் வேகமும் பாதிதான் இருந்தது. வழியில் ஒரு இணைப்பு விட்டுப்போய், குளிர்ந்த காற்று அட்டிக்குக்குள் ஊதிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தபோது வயிறு எரிந்தது. எத்தனை வருட மின்கட்டணம் அந்த வழியாகப் போயிருக்கும்!

இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஒரு சராசரி அமெரிக்க வீட்டில் டக்ட் வழியாகப் போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஓட்டை வழியாகவும் சரியாகப் பொருந்தாத இணைப்பு வழியாகவும் வீணாகிறது என்று அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டமே சொல்கிறது. குழாய் நீளமாக நீளமாக இணைப்பும் கூடும், ஓட்டையும் கூடும். ரேஞ்ச் வீடு என்றாலே நீளம்தானே.

அதனால் எந்த விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று வேலைகள் அதற்கு முன்னால் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலாவது, அட்டிக்கின் தரையான கூரைத்தளத்தின் ஓட்டைகளை அடைப்பது: உட்கூரையில் பதித்த கேன் லைட் சுற்றி, ஒயர் இறங்கும் துளை, அட்டிக் ஏணிக் கதவு. இரண்டாவது, சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன். எங்கள் வீட்டில் பழைய பஞ்சு அமுங்கிப்போய் ஐந்து அங்குலம்கூட இல்லை. டாலஸ் இருக்கும் மூன்றாம் தட்பவெப்ப மண்டலத்தில் புது வீட்டுக்கு 2021-ஆம் ஆண்டு மாதிரி விதி கேட்டது ஆர்-49 (ஆர் எண் கூடக்கூடச் சூட்டைத் தடுப்பதும் கூடும்). காகிதத் தூளான செல்லுலோஸ் ஊதினால் ஏறக்குறைய 14 அங்குலம் வரும். ரேஞ்ச் கூரை சரிவு குறைந்தது என்பதால் ஓரங்களில் அவ்வளவு இடம் இருக்காது. அங்கே காற்றுத் தடுப்பு அட்டை வைத்து, கூரை விளிம்புக்கு அடியில் இருக்கும் சாஃபிட் காற்றுவழி அடைபடாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஊத வேண்டும். மூன்றாவது, டக்ட் இணைப்புகளை மாஸ்டிக் பசை பூசி அடைத்து, பழைய ஆர்-4 குழாய்களுக்குப் பதில் ஆர்-8 குழாய் போடுவது.

கூரையின் உட்பக்கத்தில் ஸ்ப்ரே ஃபோம் அடித்து அட்டிக்கையே வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழி. டக்ட் எல்லாம் ஒரே நாளில் நிழலுக்கு வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, விலைதான் பல மடங்கு. அதைவிட முக்கியமான ஒன்று: அட்டிக் காற்றை இழுத்து எரியும் பழைய கேஸ் ஃபர்னஸோ வாட்டர் ஹீட்டரோ அங்கே இருந்தால், அட்டிக்கை அடைத்தபின் அவற்றை அப்படியே விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆபத்து. வெளிக்காற்றைத் தனிக் குழாயில் இழுக்கும் வகைக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் இடம் மாற்ற வேண்டும். ஃபோம் விற்க வந்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் கேட்ட பிறகுதான் "ஆமாம், அதுக்குத் தனி செலவு" என்றார். அட்டிக்கில் கரண்ட் விசிறி வைக்கச் சொல்லும் யோசனையையும் தள்ளிவிடலாம். கூரைத்தளத்து ஓட்டை வழியாக வீட்டுக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றையும் சேர்த்து அது உறிஞ்சிவிடும்.

அப்புறம், திரும்பும் காற்று. இதை யாருமே பேசுவதில்லை. அந்தக் காலத்து ரேஞ்ச் வீடுகள் பலவற்றில் காற்று ஏசிக்குத் திரும்பிப் போக நடைபாதையில் ஒரே ஒரு பெரிய துளை, ரிட்டர்ன், இருக்கும். படுக்கையறைக் கதவை மூடினால் உள்ளே வந்த காற்று வெளியே போக வழியில்லை. ஒரு டிஷ்யூ காகிதத்தை எடுத்து, மூடிய கதவின் அடி இடைவெளியில் பிடித்துப் பார்த்தேன். நடைபாதைப் பக்கம் படபடவென்று அடித்தது. அறை பலூன் மாதிரி அழுத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மேற்கொண்டு குளிர்ந்த காற்று வர மறுக்கும். அதே நேரம் நடைபாதையில் காற்றுப் பற்றாக்குறை. அது அட்டிக்கின் சூட்டை கேன் லைட் வழியாக உறிஞ்சும். கதவுக்கு மேலே ஒரு கிரில் வைத்தாலோ, அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே சின்ன இணைப்புக் குழாய் (ஜம்ப் டக்ட்) போட்டாலோ தீர்ந்துவிடும். நாங்கள் அப்பா அறையிலேயே தனி ரிட்டர்ன் போட்டோம்.

இவ்வளவும் முடிந்த அன்று ஏசி அதே பழைய ஏசிதான். அப்பா அறைக்கும் ஹாலுக்கும் இருந்த எட்டு டிகிரி மூன்றாகக் குறைந்தது.

ஒரே பெரிய யூனிட்டா, இரண்டு சின்னதா?

இனி இயந்திரம். முதல் காண்ட்ராக்டர் 2,800 சதுர அடியை 500-ஆல் வகுத்து, "ஐந்து டன் போட்டுடலாம்" என்றார். வகுத்துப் பார்த்தால் 5.6 வரும். ஐந்துக்கு ஏன் நிறுத்தினார்? வீடுகளுக்கென்று செய்யும் யூனிட் ஐந்து டன்னோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான் காரணம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) சூட்டை வெளியேற்றும் திறன். வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சன்னல், திசை, இன்சுலேஷன், ஆள்கணக்கு எல்லாம் வைத்துக் கணக்கிட மேனுவல் ஜே என்று ஒரு முறை இருக்கிறது. அட்டிக் வேலைக்குப் பிறகு அப்படிக் கணக்கிடச் சொன்னோம். வந்தது நான்கு டன்.

ஒரு டன் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. பெரிய ஏசி வீட்டைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே கிடைக்காது. மே, ஜூன் மாதப் புழுக்கத்தில் 74 டிகிரியிலும் உடம்பு பிசுபிசுக்கும். நீளமான வீட்டில் இன்னொரு தொல்லை: தெர்மோஸ்டாட் பக்கத்து இடம் குளிர்ந்ததும் நின்றுவிடுவதால், கோடி அறைக்குப் போகும் குழாய் குளிர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

எதிரே இருந்த வழிகள் மூன்று. ஒன்று, நான்கு டன்னில் ஒரே யூனிட். விலை குறைவு, பராமரிக்க ஒரே ஒன்று. சதுரமான, சின்ன ரேஞ்ச் வீட்டுக்கு, அதாவது 1,800 சதுர அடிக்குள், ஃபர்னஸ் நடுவில் இருந்தால் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம் என்பேன். எங்கள் எல் வடிவத்துக்கு இது ஒத்துவராது. காலையில் கிழக்கு அறைகள் சுடும், மாலையில் மேற்கு அறைகள். நடைபாதையில் இருக்கும் ஒற்றைத் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டுமே தெரியாது.

இரண்டு, அதே ஒரு யூனிட்டில் குழாய்களுக்குள் திறந்து மூடும் தகடு, அதாவது டேம்பர், வைத்து வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது. ஸோனிங் என்பார்கள். படுக்கையறைப் பக்கத்துக்கு ஒரு தெர்மோஸ்டாட், ஹால் பக்கத்துக்கு ஒன்று. தாளில் பார்க்க அழகு. ஆனால் டன்னுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 கன அடி காற்று என்று கணக்கு. நான்கு டன்னுக்கு 1,600. ஒரு பக்கம் மூடியிருக்கும்போது அவ்வளவையும் மறுபக்கத்துச் சின்னக் குழாய்களில் திணித்தால் வென்ட் விசிலடிக்கும், காயில் பனிக்கட்டி பிடிக்கும். மிச்சக் காற்றைத் திருப்பிவிட பைபாஸ் வைப்பார்கள். குளிர்ந்த காற்றே மறுபடியும் காயிலுக்குப் போய் நிலைமை இன்னும் மோசமாகும். தேவைக்கு ஏற்ப வேகத்தை மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை யூனிட்டோடு சேர்த்தால் ஸோனிங் நன்றாகவே வேலை செய்யும். சாதாரண ஒற்றை வேக யூனிட்டோடு வேண்டாம்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரில் ஆள் இருக்கும் அறையை மட்டும் மூடிக்கொண்டு ஏசி போடுவோம். அந்த நினைப்பில் இங்கே வந்து காலி அறையின் வென்ட்டை மூடிவிடுகிறோம். சென்ட்ரல் ஏசியில் அது மிச்சம் பிடிக்காது. குழாயில் அழுத்தம் கூடி, அதே காற்று அட்டிக் ஓட்டைகள் வழியாக இன்னும் வேகமாகப் போகும். நானே நான்கு வருடம் இதைச் செய்திருக்கிறேன்.

மூன்றாவது வழி, இரண்டு தனி யூனிட்டுகள்: எல் வடிவத்தின் படுக்கையறைக் கைக்கு இரண்டு டன், ஹால், சமையலறைக் கைக்கு இரண்டு டன். நாங்கள் எடுத்தது இதைத்தான். ஒற்றை யூனிட்டுக்குச் சொன்ன விலையைப் போல ஒன்றரை மடங்கு ஆனது. இருந்தாலும் ரேஞ்ச் வீட்டின் அடிப்படைக் கோளாறான நீளத்தையே இது வெட்டிவிடுகிறது. ஒவ்வொரு யூனிட்டும் அதன் கையின் நடுவில் உட்காருகிறது. அறுபது அடிக் குழாய் இருபத்தைந்து அடி ஆகிவிட்டது. படுக்கையறைக் கையின் உள்யூனிட்டை அட்டிக்கில் வைக்காமல் துணி அலமாரி ஒன்றைக் காலி செய்து அதற்குள் வைத்தோம். அந்த அலமாரி போனதில் மனைவிக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் யூனிட் வெயிலில் வேகவில்லை, ஃபில்டர் மாற்ற ஏணி வேண்டாம். பகலில் படுக்கையறைப் பக்கம் 79, ராத்திரி ஹால் பக்கம் 80 என்று விட்டுவிடுகிறோம். ஆகஸ்ட் மாதம் ஒன்று பழுதானால் குடும்பம் மொத்தமும் மறுபக்கம் போய்ப் படுத்துக்கொள்ளலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது ஒன்றுக்காகவே நான் கூடுதல் காசு கொடுப்பேன்.

அறைக்கு ஒரு மினி ஸ்ப்ளிட்

நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான சுவர் ஏசிதான் இங்கே மினி ஸ்ப்ளிட். டக்ட்டே கிடையாது என்பதால் அட்டிக் தொல்லை மொத்தமும் ஒழிந்தது. சூடும் இதே தரும். ஒரு தளம் என்பதால் குழாய் இழுப்பதும் சுலபம், ஏணி வைத்து இரண்டாம் மாடிச் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. டக்ட் தரையடியில் ஓடும் ஐம்பது, அறுபதுகளின் ஸ்லாப் வீடுகளில், அந்த இரும்புக் குழாய் துருப்பிடித்துத் தண்ணீர் நிற்க ஆரம்பித்திருந்தால், நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் எண்ணிக்கை. நான்கு படுக்கையறை, ஹால், குடும்ப அறை, சாப்பாட்டு அறை, சமையலறை என்று எட்டுச் சுவர்ப்பெட்டி. சின்னப் படுக்கையறைக்கு உண்மையில் வேண்டியது 3,000 பிடியு பக்கம். கிடைக்கும் சின்னப் பெட்டியே பெரும்பாலும் 6,000. எட்டையும் ஒரே வெளியூனிட்டில் மாட்டினால், ஒரே ஒரு அறை கேட்கும்போது அந்தப் பெரிய கம்ப்ரஸர் அவ்வளவு தாழ்ந்து ஓட முடியாமல் நின்று நின்று ஓடும். விளம்பரத்தில் சொன்ன சிக்கனம் கைக்கு வராது. இன்னொன்று, தாளிப்பு. சமையலறையும் குடும்ப அறையும் ஒன்றாகத் திறந்திருக்கும் வீட்டில் கடுகும் மிளகாயும் பொரியும் எண்ணெய்ப்புகை நேராகச் சுவர்ப்பெட்டிக்குள் போகும். ஃபில்டரைக் கழுவிவிடலாம், உள்ளே உருளை விசிறியில் படியும் பிசுக்கை எடுக்க ஆள் கூப்பிட வேண்டும். நண்பர் வீட்டில் அந்த விசிறியைக் கழற்றிக் காட்டினார்கள். கரிபிடித்த வாணலி மாதிரி இருந்தது.

ஆனால் கராஜை அறையாக மாற்றியவர்கள், பின்பக்கம் கண்ணாடி அறை சேர்த்தவர்கள் அந்த ஒரு அறைக்காக டக்ட்டை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அதற்கு ஒரு ஒற்றை மினி ஸ்ப்ளிட்தான் சரி.

குளிருக்குக் கேஸா, ஹீட் பம்ப்பா?

ஹீட் பம்ப் என்பது இரண்டு பக்கமும் ஓடும் ஏசி. கோடையில் வீட்டுச் சூட்டை வெளியே தள்ளும், குளிர்காலத்தில் வெளியே இருக்கும் கொஞ்சச் சூட்டையும் உள்ளே இழுக்கும். ஏசி எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்பதால் கேள்வி சுருக்கமானது: கேஸ் ஃபர்னஸ் கூடவே வேண்டுமா, வேண்டாமா?

இதற்கு உங்கள் பில்லை வைத்தே விடை காணலாம். ஒரு தெர்ம் கேஸ் 1,00,000 பிடியு. 80 சதவீதத் திறன் ஃபர்னஸ் அதில் 80,000-ஐ வீட்டுக்குத் தரும். ஒரு யூனிட் மின்சாரம் 3,412 பிடியு. வெளியே 40 டிகிரிக்கு மேல் இருக்கும்போது நல்ல ஹீட் பம்ப் அதை மூன்று மடங்காகத் தரும். அப்படியென்றால் அதே 80,000-க்கு 7.8 யூனிட். ஒரு தெர்முக்கு நீங்கள் கொடுக்கும் விலையை 7.8-ஆல் வகுங்கள். 1.20 டாலர் என்றால் 15.4 சென்ட் வரும். உங்கள் மின்சாரம் அதைவிட மலிவு என்றால் ஹீட் பம்ப்புக்கு லாபம். வெளியே 20 டிகிரிக்கு அருகில் இறங்கும்போது மூன்று மடங்கு இரண்டு மடங்காகும், அப்போது 11.7-ஆல் வகுக்க வேண்டும். கேஸ் இணைப்புக்கான மாதக் கட்டணத்தை இதில் சேர்ப்பதா என்பது அடுப்பைப் பொறுத்தது. தோசைக்குக் கேஸ் அடுப்பு வேண்டும் என்று வைத்திருந்தால் அந்தக் கட்டணம் எப்படியும் போகத்தான் போகிறது.

டாலஸில் குளிர்காலத்தின் பெரும்பகுதி நாற்பது, ஐம்பது டிகிரியில் ஓடிவிடும் என்பதால் கணக்கு ஹீட் பம்ப் பக்கமே சாய்ந்தது. ஆனால் 2021 பிப்ரவரியைப் பார்த்தவர்களுக்கு வெறும் கணக்கு போதாது. அந்த வாரம் கரண்ட் போனபோது கேஸ் இருந்த வீடும் சில்லிட்டது, ஏனென்றால் ஃபர்னஸ் விசிறிக்கும் கரண்ட் வேண்டும். இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஃபர்னஸ் விசிறியை ஒரு சின்ன ஜெனரேட்டர் ஓட்டிவிடும். ஹீட் பம்ப்புக்கு அதைவிட மிகப் பெரியது வேண்டும். அதனால் ஹால் பக்கத்து யூனிட்டை மட்டும் இரட்டை எரிபொருளாக வைத்தோம்: 35 டிகிரி வரை ஹீட் பம்ப், அதற்குக் கீழே கேஸ். படுக்கையறைப் பக்கம் ஹீட் பம்ப் மட்டும், அவசரத்துக்கு மின்கம்பிச் சூடு (மின் அடுப்பு மாதிரி கம்பி காய்ந்து தரும் சூடு). அந்த மின்கம்பி ஓடும் நேரம் மட்டும் பில் எகிறும்; அதே 80,000 பிடியுவுக்கு 23 யூனிட்டுக்கு மேல் தின்னும். ராத்திரி தெர்மோஸ்டாட்டைப் பத்து டிகிரி இறக்கிவிட்டுக் காலையில் ஏற்றினால் அதுதான் ஓடும். ஹீட் பம்ப் வீட்டில் குளிர்காலத்தில் ஒரே அளவில் விட்டுவிடுவது நல்லது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஃபர்னஸ் காற்று கையில் சுடும். ஹீட் பம்ப் காற்று 95, 100 டிகிரிதான். உடம்புச் சூட்டை ஒட்டியே இருப்பதால் வென்ட்டுக்கு நேர் கீழே நின்றால் குளிர்கிற மாதிரி இருக்கும். இங்கே வென்ட் எல்லாம் மேலே, தரை ஸ்லாப். சூடு மேலேயே மிதக்கும், டைல்ஸ் தரையில் கால் சில்லிடும். அம்மா முதல் வாரம் "ஹீட்டர் ஓடவே இல்லை" என்றே நினைத்தார். சீலிங் ஃபேனைத் திருப்பி மெதுவாக ஓடவிட்டு, வென்ட் கிரில்லைக் காற்று கீழ்நோக்கி வீசும் வகையாக மாற்றிய பிறகுதான் சரியானது.

மிச்சிகன், ஒஹாயோ பக்கம் ரேஞ்ச் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த விடை அப்படியே பொருந்தாது. அங்கே பேஸ்மென்ட்டில் டக்ட், தரையில் வென்ட், வருடத்தில் பாதி ஹீட்டிங். 95 சதவீத ஃபர்னஸ் ஒன்றோ, 5 டிகிரியிலும் திறன் பெரிதாகக் குறையாத குளிர்நாட்டு வகை ஹீட் பம்ப்போ பார்க்க வேண்டும். 95 சதவீத ஃபர்னஸோடு ஒப்பிடும்போது 7.8-க்குப் பதில் 9.3-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

பூமிக்குள் குழாய் இறக்கும் ஜியோதெர்மலையும் விசாரித்தோம். ரேஞ்ச் வீடுகளுக்கு நிலம் தாராளமாக இருப்பதால் பொருத்தம்தான். டன்னுக்கு ஒரு ஆழ்துளை என்று 150 அடிக்கும் கூடுதலாக நான்கு போட வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டதும் விட்டுவிட்டோம். தண்ணீர் ஊற்றிய கூலர் எல் பாஸோ மாதிரி வறண்ட ஊருக்கு நல்லது. டாலஸ் ஈரத்துக்கு உதவாது.

விலை கேட்கும்போது

வெளியூனிட் மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 ஜனவரி முதல் தயாராகும் புது ஏசிகளில் குளிரூட்டும் ஆர்-410ஏ வாயு கிடையாது. ஆர்-454பி அல்லது ஆர்-32 வருகிறது. பழைய உள்காயில் அதோடு சேராது. 2023 முதல் டெக்சஸ் இருக்கும் தென்பகுதியில் புது ஏசியின் குறைந்தபட்சத் திறன் 14.3 சியர்2 (மின்சிக்கன எண்), நான்கு டன் போன்ற பெரியவற்றுக்கு 13.8. இதைவிட மிக உயர்ந்த எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. டக்ட் ஒழுகும் வீட்டில் 20 சியர்2 யூனிட் வாங்குவது ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுகிற மாதிரி. ஆனால் இன்வெர்ட்டர் வகையை வாங்குங்கள், சிக்கனத்துக்காக அல்ல, ஈரத்தை எடுப்பதற்காக.

ஹீட் பம்ப்புக்கு 2,000 டாலர் வரை கிடைத்த மத்திய அரசின் வரிச்சலுகையும், ஜியோதெர்மலுக்கு இருந்த 30 சதவீதமும் 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டன. நாங்கள் அதற்குள் வேலையை முடித்ததால் எங்களுக்குக் கிடைத்தது. இன்னும் அதைச் சொல்லி விலை கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கவனம். மின்கம்பி நிறுவனங்கள் இன்சுலேஷனுக்கும் டக்ட் வேலைக்கும் தள்ளுபடி தருவதுண்டு. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மேனுவல் ஜே கணக்கைத் தாளில் தராதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். டக்ட் ஒழுகலை வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அப்பா அறையில் அந்தச் சின்ன தெர்மாமீட்டர் இன்னும் இருக்கிறது. போன ஆகஸ்டில் வெளியே 104 அடித்த ஒரு மாலை அதைப் பார்த்தேன்: 77. ஹாலில் 76. மிச்சம் இருக்கும் அந்த ஒரு டிகிரி மேற்குப் பக்கத்துப் பெரிய சன்னலின் வேலை. வெயிலைத் தடுக்கும் சோலார் ஸ்க்ரீனுக்கு அளவெடுக்கச் சனிக்கிழமை ஆள் வருகிறார்.